நான் வெட்டவிடாத மல்லிச்செடி

நாகல் நகர் வீட்டின் பின்வாசலில் நிற்கிற குண்டுமல்லி, என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தது. குஜிலியம்பாறைப் பக்கம் கிணற்றை நம்பிப் பூ விவசாயம் செய்கிற குடும்பம் அது. செடி வருசம் முழுக்கப் பச்சையாக நிற்கும், பங்குனி பிறந்தால் பூக்கும். கார்த்திகையில் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவாள். நன்றாயிருக்கிற செடியை இப்படி மொட்டையடிக்கிறாயே, உனக்கென்ன கிறுக்கா என்று நான் வருசம் தவறாமல் கத்துவேன். போய் உங்க சோலியைப் பாருங்க என்பாள்.

போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். கடைசி வாரம், அவ்வளவு வலியிலும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம் படத்துக்குக் கடைப் பூவ வாங்கி மாட்டிறாதீங்க. சித்திரை மொத நா நம்ம செடிப் பூவப் போடுங்க."

சரி என்றேன்.

கார்த்திகையில் அவள் தம்பி கத்தரியோடு வந்தான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ, கத்தரியைப் பிடுங்கி எறிந்தேன். அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த கிளை, ஒரு இலை விழக்கூடாது என்றேன். வெட்டினால்தான் பூக்கும் மாமா என்று மன்றாடினான். வெட்டியே அம்புட்டுப் பூத்தது, விட்டால் இன்னும் பூக்கும் என்று பெரிய விவசாயி மாதிரி பேசினேன். பாவம், காப்பிகூடக் குடிக்காமல் போனான்.

சித்திரை வந்தது. செடி சுவருக்கு மேலே மண்டிக் கிடந்தது, எல்லாம் இலை. விடிந்ததும் கிளை கிளையாக விலக்கித் தேடினேன். மூன்று மொட்டு கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் படத்துக்கு முன்னால் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது மைத்துனன் வந்தான். கையில் வாழை இலைப் பொட்டலம், உள்ளே தொடுத்த மல்லி.

"நம்ம தோட்டத்துப் பூதான் மாமா. இந்தச் செடிக்குத் தாய்ச்செடியில பூத்தது."

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"அக்காதான். 'ஒரு தடவ கேட்டுப் பாரு, அவரு வெட்ட விடமாட்டாரு. சண்ட போடாத. சித்திரைக்கு நீ பூக் கொண்டாந்துரு'ன்னு சொல்லிச்சு."

இருபத்தாறு வருசம் அவளோடு குப்பை கொட்டியிருக்கிறேன். என்னை அவள் இவ்வளவு தெரிந்துவைத்திருந்தாள். எனக்கு அவளுடைய ஒரு செடியைக்கூடத் தெரியவில்லை. சரத்தை அவனையே போடச் சொல்லிவிட்டு, பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.