எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாத ஊர்

இந்த ஊரில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. ராயபுரத்துக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ரங்கூனில் அதுதானே வணக்கம்! தெருவில் எதிர்ப்படுகிறவர் யாரானாலும் "பே த்வா மலே?" என்பார், எங்கே போகிறாய் என்று அர்த்தம். "தீ நாலே பே" என்றால் போதும், இதோ பக்கத்தில்தான். நாம் எங்கே தொலைகிறோம் என்று யாரும் துருவிப் பார்ப்பதில்லை. அங்கே பிறந்து, என்னைப் போல யுத்தத்தில் ஓடிவந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான், பக்கத்து வீட்டு நாகப்பன் தோளில் துடுப்போடு கிளம்பியபோது, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவைத்தேன். அவர் அப்படியே திரும்பி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி அஞ்சலை மீன்கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாம்மா நீ, கடலுக்குப் போற ஆம்பளையப் பாத்து எங்க போறேன்னு கேக்கறே? அப்பிடிக் கேட்டா திரும்பி வருவானா?"

கோபத்தில் சொன்னாள், புருஷனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பிவைத்ததும் மறந்தும்போனாள். எனக்குத்தான் மறக்க முடியவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ரங்கூனை விட்டு நானும் என் கணவரும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்தோம். மலைப்பாதையில் ஓரிடத்தில் அவர் தகரக் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இருவருக்கும் நாக்கு வறண்டிருந்தது. அந்த நிலையிலும் விளையாட்டாக, "பே த்வா மலே?" என்று கேட்டேன். "தீ நாலே பே" என்று சிரித்துவிட்டு மூங்கில் புதருக்குள் இறங்கினார். வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்தது. மழை பிடித்துக்கொண்டால் மலையைத் தாண்ட முடியாது என்று கூட்டத்தார் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்த ஊரில் எடுத்த எடுப்பில் ஒரு மீன்காரி, கேட்டால் திரும்பி வருவானா என்கிறாள். நான் கிறிஸ்தவள், வேதம் வாசிக்கிறவள், சகுனம் பார்க்காதவள். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மிஷன் தையற்கூடத்தில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் சபையின் பெண்கள் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பதும் என் பொறுப்பானது. அங்கே ஒரு முறை உண்டு. யாராவது எழுந்து தன் வாழ்வில் நடந்ததைச் சாட்சி சொன்னால், முடிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்பார்கள். மிஷன் அச்சுக்கூடத்து மாதப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை நான் வாசித்தால் அது கிடையாது. புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போவோம். நானும் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன். அட்டைக்கடி, மலை, முன்பின் தெரியாத ஒருவர் தந்த பிடி அரிசி, கர்த்தர் என்னைக் கரைசேர்த்தது. குவளையைப் பற்றி மட்டும் சொன்னதே இல்லை. அது முடிவில்லாத சங்கதி. முடிவில்லாததற்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்வார்கள்? கதைகளில் அந்தத் தொல்லை இல்லை. எத்தனை கஷ்டம் வந்தாலும் கடைசி அத்தியாயத்தில் காணாமல் போனவன் கதவைத் தட்டிவிடுவான். அந்தத் தட்டலுக்காகவே மாதாமாதம் பத்திரிகைக்குக் காத்திருந்தேன். கதை என்று தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்துக்கிடந்தேன்.

ஒரு ஐப்பசிப் புயலில் நாகப்பனின் கட்டுமரம் திரும்பவில்லை. அன்று காலை அவர் போவதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தேடிப்போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அஞ்சலை மீன் விற்கப் போகாமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். தனியாக விட மனமில்லாமல் வெள்ளிக்கிழமைகளில் அவளைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். வராந்தா ஓரத்தில் குந்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடரில் கப்பல் முழுகிய மாலுமி ஒருவன். அவன் மனைவி ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்து, ஜெபித்து, விளக்கேற்றிவைத்துக் காத்திருப்பாள். கடைசி அத்தியாயத்தில் கிறிஸ்துமஸ் காலையில் அவன் கோயில் வாசலில் வந்து நின்றான். வாசிக்கும்போது எனக்கே குரல் உடைந்தது. முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த ஒருவர் தன்னை மறந்து "ஸ்தோத்திரம்" என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நானும் சொன்னேன்.

மறுநாளே அஞ்சலை கூடையைத் தூக்கிவிட்டாள். தலைவாரிப் பூ வைத்தாள், வயிறாரச் சாப்பிட்டாள். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! சில வாரம் கழித்து அவள் கொழுந்தன் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணிக்கு இன்னாம்மா சொல்லிக் குடுத்தே? அண்ணனுக்குக் காரியம் பண்ண நாள் பாத்துகினு கீறோம். தாலிய வாங்கவுட மாட்டேங்குது. கோயில்லயே தோத்திரம் சொன்னாங்கோ, மாலுமி வந்தான், இவரும் வருவாருங்குது. செத்தவன் தண்ணி வுட ஆளில்லாம அலையறாம்மா. நீயே சொல்லிடு."

நான் என்ன செய்வேன்? போனேன். அஞ்சலை கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை, அந்தக் கதை நடந்ததில்லே. யாரோ உட்கார்ந்து எழுதினது."

"நடந்ததத்தானே எழுதுவாங்கோ? தோத்திரம் சொன்னீங்களே எல்லாரும்."

"அழுகையிலே தெரியாமச் சொல்லிட்டோம்."

"அப்போ அந்த மாலுமி வரலியா?"

"மாலுமியே இல்லே, அஞ்சலை."

அவள் கை நின்றது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பிறகு என் கழுத்துத் தாலியைப் பார்த்தாள். "உன் வூட்டுக்காரு? அவராச்சும் நெசமா, அவரும் கதையா?"

சபையில் சொல்லாததை அந்தக் கருவாட்டு நாற்றத்தில் சொன்னேன். மூங்கில் புதர், குவளை, எல்லாம். "நான் கேட்டேன், அஞ்சலை. எங்கே போறேன்னு கேட்டுத்தான் அனுப்பினேன்."

அவள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். "நான் கேக்கலியே," என்றாள். "ஒரு நாளும் கேட்டதில்லியே. எனுக்கு மட்டும் வந்துட்டாரா?"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். மூக்கைச் சிந்திவிட்டு அவள் மெல்ல "தோத்திரம்" என்றாள். கடவுளைத் துதிப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நடந்தது என்று ஒப்புக்கொள்ள அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான்.

அடுத்த வாரம் கரையில் வைத்து அவள் தாலியை வாங்கினார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பார்த்ததைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பொய்க்கதை அவளைச் சில வாரம் சோறு தின்ன வைத்தது. என் உண்மை அவள் தலையிலிருந்த பூவை எடுத்தது. இதில் எது கருணை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சபைப் போதகரான ஐயரும் என்னிடம் பக்குவமாகக் கேட்டார், என் கணவருக்காகச் சபையில் நினைவு ஜெபம் ஏறெடுக்கலாமா என்று. இப்போது வேண்டாம் என்றேன். நம்பிக்கையில் சொன்னேனா பயத்தில் சொன்னேனா, தெரியாது. தாலி இன்னும் என் கழுத்தில் கிடக்கிறது.

கூட்டத்தில் இப்போதும் கதை வாசிக்கிறேன். தொடங்குமுன் "இது கதை" என்று அஞ்சலையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். "தெரியும், படி" என்பாள். காலையில் நான் தையற்கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் கூடையோடு எதிரே வருவாள். முதல் தடவை அவள் அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னா பர்மாக்காரம்மா, எங்க போறே?"

"நீயா கேக்கறே? கேக்கக்கூடாதுன்னியே!"

"அது கடலுக்குப் போறவங்களைத்தான். நாம எங்க போவப் போறோம்?"

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம், யார் காதிலும் விழாமல், "தீ நாலே பே" என்று பதில் சொன்னேன்.