மஞ்சள் வயிறு, காலி வயிறு

மலையில் என் ஏலத்தோட்டத்தில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கிய படுதாக்குளம் ஒன்று உண்டு. அதில் விடுவதற்காக, முட்டை பொரிந்து மூன்றே நாளான கெண்டைக் குஞ்சுகளை வாங்கி, மலையடிவாரத்தில் போடியில் இருக்கும் என் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் வளர்த்தேன். நூல் துணுக்கு அளவு உடம்பு, கண்ணாடி மாதிரி. அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்துவிட்டால், தின்றது வயிற்றில் மஞ்சள் கோடாகத் தெரியும்.

பகலில் நான் மலையில் இருப்பேன். தீனி போடுவது மனைவியின் தம்பி; நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுபவன். காலையில் ஜீப்புக்குக் கிளம்பும் முன், ஏலச்செடியில் பூச்சி பார்க்கும் லென்ஸால் குஞ்சுகளைப் பார்ப்பேன். தினமும் வயிறு காலி. வெள்ளைக் கருவை மிளகுத்தூள் தூவி அவன் தின்பது தெரிந்ததுதான். மஞ்சளும் அங்கேதான் போகிறதோ? குஞ்சுக்குக் கண்ணாடி வயிறு. மாப்பிள்ளைக்கு அப்படி இல்லையே! குப்பைக்கூடையில் முட்டை ஓடுகளைப் பொறுக்கி எண்ணினேன். வாங்கிய கணக்குக்குச் சரியாக இருந்தது; அப்படியானால் மஞ்சள் எங்கே? சந்தேகம் இன்னும் கூடியது.

நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தொழில் படித்தவன். இருட்டியபின் அடுப்புக்கு விறகு தள்ளாவிட்டால் காயின் பச்சை போய்விடும். குஞ்சுக்கும் அதே சட்டம் போட்டேன். மலையிறங்கி வந்து, விளக்கு வைத்தபின், அவனுக்குத் தெரியாமல் தாராளமாகப் பிசைந்துவிட்டேன். நாலாம் நாள் காலை பாதிக் குஞ்சுகள் செத்து மிதந்தன.

"என்ன சோலி மாப்ளே பாக்குற? பட்டினி போட்டே கொன்னுட்டியே!"

"பட்டினியா? அடியில நாறுற மஞ்சக்கருவ தினம் டியூப் வச்சு உறிஞ்சி எடுக்குறதே நாந்தான் மச்சான். அக்காதான் ஊத்துதுன்னு நெனச்சேன்."

நான் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஓ, நீங்கதானா! இன்னிக்கி மலைக்குப் போகாம இங்கன உக்காந்து பாருங்க."

தண்ணீரை மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் ஏற ஏறத் தின்றன. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் நிறுத்திக்கொண்டன. மஞ்சள் கோடு வால்பக்கம் நகர்ந்து தேய்ந்தது.

"இதுகளுக்கு இரைப்பையே கெடையாது, வெறுங்குடல்தான். கண்ணு தெரிஞ்சாத்தான் திங்கும். தின்னது விடியறதுக்குள்ள வெளிய போயிரும். நீங்க இருட்டுல ஊத்துனது அழுகித்தான் தண்ணி கெட்டுப்போச்சு."

மிச்சப் பாதி பிழைப்பது என் கை சும்மா இருப்பதில் இருந்தது. கை சும்மா இருந்தால்தானே? விளக்கு வைத்ததும் துணியைத் தேடினேன். காணோம்.

"துணி எங்க மாப்ளே?"

"அக்கா இடுப்புல சொருகியிருக்கு. தைரியமிருந்தா போய்க் கேளுங்க மச்சான்."

கேட்கவில்லை. அதனால்தான் அந்தப் பாதி பிழைத்து, படுதாக்குளத்துக்கு ஜீப்பில் மலையேறியது.