முதல் வரிசையில் மூன்று நாற்காலிகள்

என் அக்கா இருபது வருடமாக நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்துதரும் தொழில் நடத்துகிறாள். நடத்துகிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மைக் ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவதிலிருந்து மேடையில் தண்ணீர் பாட்டில் வைப்பது வரை அவள் கை படாமல் எதுவும் நடக்காது. அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. யார் எதைக் கேட்டாலும் "அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்பேன். எங்களிடம் வேலை பார்க்கும் மற்ற ஐந்து பேரும் அதே பதிலைத்தான் சொல்வார்கள்.

போன வருடம் ஒரே நாளில் இரண்டு மண்டபங்களை ஒப்புக்கொண்டு, இங்கும் அங்கும் ஓடி, மயங்கி விழுந்தாள். அதன்பிறகு புத்தி வந்துவிட்டது என்று நினைத்தோம். புது வாடிக்கையாளர்களைப் பிடிப்பதும் அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போடுவதும் மட்டும்தான் இனித் தன் வேலை, மண்டபம் முழுக்க டீச்சர் பொறுப்பு என்று அறிவித்தாள். டீச்சர் ஒருகாலத்தில் பள்ளியில் பாடம் எடுத்தவள். பன்னிரண்டு வருடமாக அக்காவுக்கு வலது கை. "எங்கிட்ட எதையும் கேக்காதே, நீயே முடிவு பண்ணு" என்று அக்காவே அவளிடம் சொன்னாள்.

டீச்சர் தனியாக எடுத்த முதல் வேலை, ஒரு பெரியவரின் நினைவுக் கூட்டம். அவருடைய இரண்டு மகன்களும் நாலு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ரெண்டு பேரையும் ஒரே இடத்துல பாத்துட்டாப் போதும்" என்று அவர்களுடைய அம்மா கேட்டிருந்தார். டீச்சர் மூன்று வாரம் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து சம்மதம் வாங்கினாள். தம்பி பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பது மூத்தவரின் ஒரே நிபந்தனை. அதனால் முதல் வரிசையில் நடுவில் அம்மா, இரு பக்கமும் மகன்கள் என்று பெயர் அட்டை வைத்தாள்.

கூட்டத்தன்று காலை, "சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்" என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் சும்மா எட்டிப் பார்த்து நான் பார்த்ததில்லை. டீச்சர் மேடைக்குப் பின்னால் மைக்செட்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அக்காவின் கண் நேராக முதல் வரிசைக்குப் போனது. வயதானவர்களை நடைவழி ஓரத்தில்தான் உட்காரவைக்க வேண்டும், எழுந்துபோக வசதி என்பது அவள் இருபது வருடச் சட்டம். அம்மாவின் அட்டையை ஓரத்துக்கு மாற்றினாள். மகன்களின் அட்டைகள் அடுத்தடுத்து வந்தன. அவள் யாரையும் கேட்கவில்லை. கேளு என்று நானும் சொல்லவில்லை. நடந்த தப்பில் அந்தப் பங்கு என்னுடையது.

அம்மாவும் இளையவரும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு மூத்தவர் வந்தார், அட்டையைப் பார்த்தார். தம்பி பண்ணிய வேலை என்று நினைத்திருக்க வேண்டும், வந்த வழியே திரும்பி நடந்தார். ஓடிவந்த டீச்சர் அட்டைகளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கத்தியிருந்தாலாவது தேவலை. அந்த அம்மாவிடம் குனிந்து, "என் தப்பும்மா, நான்தான் கவனிக்கல" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா அவளிடம் போய், "நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றாள். அவள் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நீங்க இங்க நின்னா எல்லாரும் உங்க முகத்தையேதான் பாப்பாங்க. கூட்டத்தை நான் பாத்துக்கிறேன். வெளிய போங்கக்கா."

மூத்தவர் அப்போதுதான் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அக்கா மூச்சிரைக்க ஓடிப்போய், "அட்டையை மாத்தினது நான்தான் சார். உங்க தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"இருக்கலாம்மா. இனிமே உள்ள வர மனசில்ல. அம்மா வாசலையே பாத்துட்டு இருப்பாங்க. வரலைன்னு சொல்லிடுங்க."

கார் போய்விட்டது. அதைப் போய்ச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டியிருக்கலாம். அக்கா தானே உள்ளே போய், அந்த அம்மாவின் நாற்காலி அருகே முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னாள். அவர் வாசலிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு தன்னோட தப்புன்னு சொல்லுச்சே?"

"இல்லம்மா. அவ சரியாத்தான் வெச்சிருந்தா. நான்தான் கலைச்சேன்."

அன்றிலிருந்து டீச்சர் கூப்பிடாமல் அக்கா எந்த மண்டபத்துக்குள்ளும் கால் வைப்பதில்லை. எட்டு மாதம் ஆகிறது. டீச்சர் இன்னும் கூப்பிடவில்லை.