காற்று இறங்காத டயர்கள்

கணவரின் இதய அறுவை சிகிச்சைக்காக ஆறு மாதம் சென்னையில் தங்க வேண்டியிருந்தது. கிளம்பும் நாளில், வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, உறை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஹோட்டல் சமையல்காரர் சுடலைமுத்து இறங்கி வந்தார்.

"சாவியத் தந்துட்டுப் போங்கம்மா. வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைக்கேன்."

வண்டியை எடுத்து ஊர் சுற்றத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "சாவி மகன்கிட்ட இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டேன்.

கணவர் உடல் தேறி, இருவரும் திரும்பினோம். இடையில் பெருமழைக் காலம் வந்து போயிருந்தது. உறை கிழிந்து, டயர்கள் தரையோடு அமுங்கிக் கிடக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் உறை புதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நான்கு டயர்களிலும் காற்று நிறைந்திருந்தது. மாதாமாதம் கால் பம்பு கொண்டுவந்து அடித்தவர் சுடலைமுத்து என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அன்றைக்கே அவரிடம் போய், பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

"அது அப்பமே மனசிலாச்சும்மா. அதுக்கு வண்டி என்ன செய்யும், பாவம்" என்றவர், "சாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தேறிட்டார், நீங்களே வந்து பாருங்க" என்று வீட்டுக்கு அழைத்தேன்.

யாராவது உதவ வந்தால், ஏன் என்று யோசிப்பதற்கு முன்பே சரி என்று சொல்ல இப்போது பழகி வருகிறேன்.