வேறு உதவி பெறுகிறீர்களா?

இன்று மதியம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. இடுப்பில் குழந்தையோடு ஒரு கல்லூரிப் பெண், கட்டணச் சலுகைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேற எங்கேர்ந்தாவது உதவி வருதான்னு கேட்டிருக்கு. பாப்பாவைப் பாத்துக்க சர்ச்சுல மாசாமாசம் குடுக்கறாங்க. அதை எழுதணுமா?"

இதே கேள்விக்குத் தொண்ணூற்று மூன்றில் நான் பதில் எழுதினேன்.

மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. கணவர் இறந்துவிட்டார். வறுமையைப் பார்த்துக் கல்லூரி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. அவர் வேலை செய்த தொழிற்சாலையின் சங்கத்தார், நான் படிப்பை விடக்கூடாதென்று, பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குப் பணம் தர முன்வந்தார்கள். அடுத்த வருட விண்ணப்பத்தில் அதைப் பெருமையாக எழுதி, சங்கத்தின் கடிதத்தையும் பின் அடித்துக் கொடுத்தேன்.

கல்லூரியில் அந்தத் தொகையைச் சலுகையிலிருந்து கழித்துவிட்டார்கள்.

ஆபீஸ் கிளார்க் நல்ல மனிதர்தான். "உன் தேவை கொறைஞ்சிடுச்சில்லம்மா, அதான் ரூல்ஸ். உன்னை யாரு எழுதச் சொன்னா?"

"அது ஆயாவுக்குக் குடுக்கிறது சார்."

"ஆயாவுக்குன்னு ஃபாரத்துல எடம் இல்லம்மா."

ஆயாவின் பணம் கட்டணத்துக்குப் போனது. ஆயா நின்றுவிட்டார். பிள்ளையோடு வீட்டில் இருந்ததில் அட்டெண்டன்ஸ் போய், பரீட்சை எழுத விடவில்லை. படிப்பு நின்றதும் சங்கமும் பணத்தை நிறுத்தியது. அவர்கள் உதவி, படிக்கிற தாய்க்குத்தானாம்.

இன்று அந்தப் பெண்ணின் பேனாவை வாங்கி, "இல்லை" என்று நானே எழுதினேன்.

"பொய்யாச்சே அக்கா" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதி, பிள்ளையையும் வளர்த்து, பட்டமும் வாங்கியவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவளைத் தேடிப்போய்த் திருத்தச் சொல்கிறேன்.