இருபத்து மூன்று குழந்தைகளும் ஒரு சாக்கும்

1996 ஜூலை 11, வியாழக்கிழமை, காலை மணி பத்து இருபது. விடிந்ததிலிருந்து மழை மூன்று தடவை பெய்து மூன்று தடவை நின்றிருந்தது. நான்காவது தடவைக்கு வானம் தயாராக இருந்தது. அந்த நேரத்தில் எங்கள் தெரு அங்கன்வாடியிலிருந்து இருபத்து மூன்று குழந்தைகள், பதினெட்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள், பதினோரு குடைகள், ஒரு டீச்சர் என்று எல்லோருமாகச் சாலை பஜார் என்ற கடைத்தெருவில் இருந்த ஒரு பலசரக்கு மொத்தக் கடையை நோக்கிப் புறப்பட்டோம். குழந்தைகளை எடை போடுவதற்காக. முன்னால் நடந்தவன் நான். திரும்பித் திரும்பி எண்ணியவனும் நான்தான். யோசனையும் என்னுடையதே என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்; பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும்.

நான் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் மீட்டர் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழிப்பது என் உத்தியோகம். எதிர்வீட்டுக்கு அங்கன்வாடி வந்தபோது, காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் சராசரி நாற்பத்தொரு அலறல்கள் கேட்கின்றன என்று தாளில் எழுதிக்கொண்டு புகார் சொல்லப் போனேன். எங்கள் ஊர் மலையாள ஊர், டீச்சரும் மலையாளி; தமிழர்களான எங்களிடம் தமிழ் கலந்து பேசுவார். தாளை முழுவதும் படித்தார்.

“இத்தனை கறக்டாயிட்டு எழுதற ஆளைத்தான் சாரே தேடிட்டிருந்தேன்” என்று என்னை அங்கன்வாடிக் கமிட்டியில் சேர்த்துவிட்டார்.

அங்கன்வாடியில் உத்தரத்தில் மாட்டிய தொங்கு தராசு ஒன்று இருந்தது. அதன் ஸ்பிரிங் போய் நான்கு மாதம். எந்தக் குழந்தையை மாட்டினாலும் ஒன்பது கிலோ காட்டியது. டீச்சரின் கைப்பையை மாட்டிப் பார்த்தேன். அதுவும் ஒன்பது கிலோ. புதிய தராசு கேட்டு ஐந்து கடிதம் எழுதினேன். ஒரு பதில் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது.

அங்கன்வாடிக்கு வந்த ஒரு சுமைதூக்குபவரின் மகள் மட்டும் இல்லாவிட்டால் நானும் பரிசீலனைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருந்திருப்பேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். பெண்ணுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். மற்றவை ஓடி விழும்போது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கை கால் குச்சி. மிகவும் மெலிந்த குழந்தைகளுக்கு மத்தியானக் கஞ்சியும் பயறும் இரட்டைப் பங்கு தரவேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. ஆனால் எடை ரிஜிஸ்டரில் ஏறி, வளர்ச்சி அட்டையில் கடைசிக் கோட்டுக்குக் கீழே புள்ளி விழவேண்டும். அவள் வயதுக்கு அந்தக் கோடு ஏழரை கிலோவில் ஓடியது.

“எனக்குப் பாத்தாலே அறியும் சாரே. எந்து செய்யான்? ஆபீசுக்குக் கிலோதான் வேணும்” என்றார் டீச்சர்.

ஆக, கிலோ தேடித்தான் அந்த ஊர்வலம்.

கடை முதலாளி தமிழர். எல்லோருக்கும் அண்ணாச்சி. மிளகாய் மூட்டைப் பக்கம் எந்தப் பிள்ளையும் போகக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு பிளாட்பாரத் தராசைக் கொடுத்தார். இரும்புத் தட்டு மழையில் சில்லிட்டிருந்தது. ஒரு புதுச் சாக்கை விரிக்கச் சொன்னேன். விரிக்கும் முன் அதைத் தனியாக எடை போட்டேன்: தொள்ளாயிரம் கிராம். இப்படி முன்யோசனை உள்ளவர்கள் குறைவு என்று அப்போது நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

எடைக்காரர் இருபது வருடமாக அந்தத் தராசோடு இருப்பவர். முதல் குழந்தையை உட்காரவைத்ததும், கடை வழக்கப்படி ஒன்று என்பதற்குப் பதிலாக, “லாபம்!” என்று கூவினார். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு ஒரே பெருமை. இரண்டாவது குழந்தையின் அம்மா, “எம் பிள்ளை மட்டும் வெறும் ரெண்டா?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஒரு பையன் பாசிப்பயறை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தராசில் ஏறினான். எடைக்காரர் விரல் விரலாகப் பிரித்து மூட்டையில் உதிர்த்துவிட்டுத்தான் எடை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, பக்கத்திலேயே சாக்குக்குத் தொள்ளாயிரம் கழித்தேன். சுமைதூக்குபவரின் மகள் பதினான்காவது. சத்தமே இல்லாமல் உட்கார்ந்தாள். “ஏழு இருநூறு” என்றார். கழித்தேன். ஆறு கிலோ முந்நூறு.

அன்று மாலை டீச்சர் அட்டைகளில் புள்ளி வைத்தார். வைக்க வைக்க அவர் முகம் மாறியது. இருபத்து மூன்றில் பதினேழு புள்ளிகள் ஏதாவது ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தன. நான் கழித்தலை மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. ரிப்போர்ட் போயிற்று.

ஐந்து கடிதத்துக்கு அசையாத ஆபீஸ் பதினேழு புள்ளிக்கு அசைந்தது. எட்டாம் நாள் காலை ஜீப் வந்தது. சூப்பர்வைசர் அம்மையார் இறங்கினார், பின்னால் ஒரு நர்ஸ் இறங்கினார். தெருவில் கொள்ளைநோய் என்று அரை மணிக்குள் பேச்சுப் பரவிவிட்டது.

“ஏங்க, நம்ம தெருவுல பஞ்சம்னு எழுதிப்போட்டது நீங்கதானா?” என்றாள் என் மனைவி. “ஒங்களுக்கு வேற சோலியே கெடையாதா?”

அங்கன்வாடிக்குப் போனேன். பேக்கரிக்காரர் மனைவி தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்காகவே நின்றிருந்தாள்.

“சாரே, இவனுக்கோ ஆகாரம் போதாது? ஒண்ணு தூக்கிப் பாத்துட்டு எழுதணும்!” என்று என் கையில் போட்டாள்.

என் கைகள் உடனே அவள் கட்சிக்குப் போய்விட்டன.

சூப்பர்வைசர் ரிஜிஸ்டரை மூடினார். “இந்த எடையொண்ணும் நான் எடுக்கில்லா. எல்லாம் கேன்சல். புது தராசு வரட்டே.”

“அம்மா, என் கணக்கில் தப்பே கிடையாது.”

“சாரோட கணக்கு சரிதான். பிள்ளைகளாக்கும் தப்பாயிப் போனது.”

எல்லாம் கேன்சல் என்றால் அந்தப் பதினான்காவது எடையும் கேன்சல். சுவரோரம் பார்த்தேன். அவள் அங்கேதான் இருந்தாள். புது தராசு வருவதற்குள் அவளுக்கு எத்தனை இரட்டைப் பங்கு போகும் என்று கணக்கிட ஆரம்பித்து, மனம் வராமல் நிறுத்தினேன். நர்ஸ் வரிசையாக நாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாக்குதான் ஆகியிருந்தது. நேரம் இருக்கிறது என்று கடைக்கு ஓடினேன்.

“நீர் சொன்ன எடை தப்பு” என்றேன் எடைக்காரரிடம்.

“இருவது வருசத்துல ஒருத்தன் சொன்னதில்ல, சார். சாக்கு போவத்தானே சொன்னேன்?”

“சாக்கு போக என்றால்?”

“சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சித்தான் வாயில எடையே வரும்.”

“நானும் கழித்தேனே!”

“நீங்க எதுக்குக் கழிச்சிய? அது என் சோலியாச்சே!”

ஒரே சாக்கை இரண்டு பேரும் கழித்திருக்கிறோம். இருந்தாலும் விடவில்லை. “சாக்கு தொள்ளாயிரம்தானே? ஒரு கிலோ ஏன்?”

எடைக்காரர் முதலாளியைப் பார்த்தார். அண்ணாச்சி மேலே மின்விசிறியைப் பார்த்தார். தலைக்கு நூறு கிராம் வீதம் எங்கள் தெருக் குழந்தைகள் கடைக்கு விட்டுக்கொடுத்தது இரண்டு கிலோ முந்நூறு. அதைச் சத்தமாகச் சொன்னபோது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். “தராசை எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க சார், மொதல்ல மெதுவாப் பேசுங்க” என்றார் அண்ணாச்சி.

திரும்பி ஓடிவந்து சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஆளுக்கு ஒரு கிலோ கூட்டினால் போதும் என்றேன்.

“கூட்டலும் வேண்டா, கழிக்கலும் வேண்டா. என் முன்னாடி எடை போடணும்” என்றார். தராசில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

மறுபடி ஊர்வலம். நடந்துகொண்டே மனக்கணக்குப் போட்டேன். அவளுடைய ஆறு முந்நூறோடு ஒரு கிலோ சேர்த்தால் ஏழு முந்நூறு. கோடு ஏழரை. இருநூறு கிராம்தான் இடைவெளி. அந்தச் சமயத்தில் அவள் அம்மா மடியிலிருந்து ஓர் ஏத்தம்பழத்தை எடுத்து உரித்து அவள் கையில் கொடுத்தாள். பெரிய நேந்திர வாழைப்பழம்.

“அம்மா, எடை போட்ட பிறகு கொடேன்” என்றேன்.

“பசிச்ச பிள்ளைக்குப் பழம் குடுக்காதன்னு சொல்லுத மொத ஆளு நீங்கதான் ஐயா. தெருவே நோஞ்சான் நோஞ்சாங்குது, நான் என்ன செய்ய?”

ஒவ்வொரு கடியையும் நான் எண்ணினேன். தராசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பழம் உள்ளே, பாதிப் பழம் கையில்.

இந்தத் தடவை சாக்கு இல்லை. அவள் பழத்தோடு உட்கார்ந்தாள்.

“ஏழு ஐந்நூறு” என்றார் எடைக்காரர். “எதையும் கழிக்கல.”

சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்தார். “கோட்டிலாணு. கீழே இல்லா.”

“அம்மா, பழத்தைக் கழிக்க வேண்டும்!”

“இன்னும் கழிக்கணுமா சாரே?” என்றார் டீச்சரே. பதினெட்டு அம்மாக்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்து பழத்தை வாங்கச் சொன்னேன். அவள் விடவில்லை. எடைக்காரர் கெஞ்சினார், அண்ணாச்சி கற்கண்டு காட்டினார், கடைசியில் அவள் அம்மாவே பிடுங்கினாள். குழந்தை கடை முழுக்கக் கேட்கும்படி அலறியது. எடைக்கோல் மெல்லக் கீழே சாய்ந்தது. எடைக்காரர் குண்டை நகர்த்தினார்.

“ஏழு நானூறு.”

நான் கைதட்டிவிட்டேன். ஒரு குழந்தை மெலிந்திருப்பதற்குக் கைதட்டிய மனிதன் என்று அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. “எட்டு நாளு பழம் குடுத்தும் ஏறலையே ஐயா” என்றாள். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். மறுநாளே இரட்டைப் பங்கு ஆரம்பமாயிற்று.

ஆனால் பங்கு தொடர மாதாமாதம் எடை வேண்டும், அதுவும் இனிமேல் பலசரக்குத் தராசில் கூடாது என்று ரிஜிஸ்டர் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் ஜீப் போயிற்று. ஆபீஸ் தராசு பரிசீலனையிலேயே இருந்தது. அடுத்த மாத எடைக்கு நான்கு நாள் இருக்கும்போது நானே போய் ஒரு தொங்கு தராசு வாங்கினேன். தராசு முந்நூற்று நாற்பது, அதை மழையில் நனையாமல் கொண்டுவர ஆட்டோ பன்னிரண்டு, பிடுங்கிய பழத்துக்குப் பதிலாக அன்றே வாங்கிக் கொடுத்த பழம் மூன்று. ஆகமொத்தம் முந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.