சிவப்பு மூடி

புதுக்குடியிருப்பில் நான் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தபோது, வினாத்தாள் அடிக்கவென்று ஒரு ரியூசன் ரீச்சர் லப்டொப் பார்க்க வந்தார். நெற்றியில் தழும்பு, கையில் குடை. நடுத்தர விலையில் கறுப்பும் சிவப்புமாக இரண்டு இருந்தன. வேகம், திரை எதையும் அவர் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே விறுவிறுவென்று நடந்தார்.

"எதை வாங்கினாலும் இப்பிடித்தான் பாக்கிறனான். அஞ்சு தரம் இடம்பெயர்ந்திட்டம்."

"கறுப்பெண்டா ஊத்தை தெரியாது ரீச்சர்."

"சிவப்பைத் தாங்கோ தம்பி. ஓடேக்க விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்."

கடைசி யுத்தத்தில் நாங்கள் ஓடிய வழியில், சனம் விட்டுப்போன சாமான்களுக்கு நடுவே, மணலில் ஒரு லப்டொப்பின் சிவப்பு மூடி கிடந்தது. அவருடையதுதானா, தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி, தூரத்திலிருந்தே தெரிந்தது. குனிந்து எடுக்கத்தான் ஆளில்லை. நானும் குனியவில்லை.